பூவா, இரண்டு இலையா?

(பெங்களூர் ஜீவனஹள்ளியில், மாலை வகுப்பில் படித்து முடித்தவர்கள் கூடிய கூட்டத்தில் நடந்த பேச்சு)



ஜீவனஹள்ளியில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்ஸ் டவுன் பக்கம் நாலு வீட்டில் வேலை செய்கிறார். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்காக ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போகிறார். வரிசையில் நிற்கிறார். தன் முறை வந்ததும் விண்ணப்பத்தை நீட்டுகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்.

"வர்ற ஓட்டுல நீங்க எந்தப் பக்கம்மா?" என்று கேட்கிறார்.

அவ்வளவுதான் கேட்டார். மிரட்டவில்லை. பணம் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்த அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்ன பதில் சொல்வது? அவருக்குப் பிடித்த பதிலைச் சொன்னால் பெயர் சேர்ந்துவிடுமா? மாற்றிச் சொன்னால் காகிதம் கட்டுக்கு அடியில் போய்விடுமா?

அந்த மேசைக்காரர் கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் அதைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எந்தக் கட்சியும் வாங்கிப் போட்டதல்ல. சோப்புக்கு வரி கொடுக்கும் எல்லோருடைய பணத்திலும் வாங்கியது. ஓட்டுப் போட்டவர், போடாதவர், எதிர்த்துப் போட்டவர், எல்லோருக்கும் அதே நாற்காலிதான் வேலை செய்ய வேண்டும். இதற்குத்தான் அரசு ஊழியரின் நடுநிலை என்று பெயர்.

இது சொல்வதற்குச் சுலபம். கடைப்பிடிப்பது கடினம். எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் ஒரு கதை பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் போய் இறங்கிவிடலாம். அந்த ஊர் கோவா.

கோவாவில் என்ன நடந்தது?

கோவாவை போர்த்துக்கீசியர் 1510ஆம் ஆண்டில் பிடித்தார்கள். நாடு 1947இல் விடுதலை அடைந்தபோதும் அவர்கள் போகவில்லை. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே சென்றது. டிசம்பர் 19ஆம் தேதி கோவா விடுதலை அடைந்தது. அதன்பின் கோவா, டாமன், டையூ மூன்றும் சேர்ந்து ஒரு யூனியன் பிரதேசம் ஆயிற்று. யூனியன் பிரதேசம் என்றால் தனி மாநிலம் அல்ல. டில்லி அரசின் மேற்பார்வையில் இருக்கும் பகுதி. இன்றைய புதுச்சேரியைப் போல.

இப்போது ஒரு கேள்வி வந்தது. கோவா இப்படியே தனியாக இருப்பதா? அல்லது வடக்கே இருக்கும் மகாராஷ்டிர மாநிலத்தோடு சேர்ந்துவிடுவதா?

இதில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. வீட்டில் பேசும் மொழி பெரும்பாலும் கொங்கணி. கோயிலிலும் பள்ளியிலும் பலர் படித்த மொழி மராத்தி. "கொங்கணி என்பது மராத்தியின் கிளைதான், அதனால் மகாராஷ்டிரத்தோடு சேரலாம்" என்றது ஒரு பக்கம். "கொங்கணி தனி மொழி, சேர்ந்தால் கரைந்துபோவோம்" என்றது மறுபக்கம்.

மொழி மட்டும் காரணம் இல்லை. கோவாவில் நிலம் சிலர் கையில் இருந்தது. உழைப்பவர்கள் பலர். மகாராஷ்டிரத்தோடு சேர்ந்தால் பண்ணையார்களின் பிடி தளரும் என்று ஏழைகளில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய முடியாது. அதேபோல, பெரிய மாநிலத்தில் சின்ன மாவட்டமாகிக் காணாமல் போவோம் என்று பயந்தவர்களின் பயத்தையும் கேலி செய்ய முடியாது.

1963 டிசம்பரில் கோவாவில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவர் தயானந்த் பந்தோட்கர். அவர் சுரங்க முதலாளி. ஆனாலும் ஏழை மக்களிடம் பெரிய செல்வாக்கு உள்ளவர். அவர் முதலமைச்சர் ஆனார். மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டும் என்பதுதான் அவர் கட்சியின் கொள்கை.

எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது ஐக்கிய கோவா கட்சி. அதன் தலைவர் ஜாக் டி செக்வேரா. சேரக்கூடாது என்பது அவர்கள் கொள்கை.

சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு முடித்துவிடலாம் என்று ஆளுங்கட்சி நினைத்தது. செக்வேரா ஒப்புக்கொள்ளவில்லை. "சட்டமன்றத் தேர்தலில் மக்கள் பல காரணங்களுக்காக ஓட்டுப் போடுவார்கள். இது ஊரின் தலையெழுத்து. இதை மக்களிடமே நேராகக் கேளுங்கள்" என்பதுதான் அவர் வாதம். கடைசியில் டில்லி அதற்கு இணங்கியது. 1966 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டால் அது தேர்தல். ஒரு கேள்விக்கு "இது வேண்டும்" அல்லது "அது வேண்டும்" என்று மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுப் பதில் சொன்னால் அது பொது வாக்கெடுப்பு. கோவாவில் நடந்ததற்குக் கருத்து வாக்கெடுப்பு என்று பெயர் வைத்தார்கள். விடுதலைக்குப் பின் நம் நாட்டில் இப்படி மக்களிடம் நேராகக் கேட்டது அபூர்வம்.

ஒரே ஜீப்பில் எப்படிப் போவது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலமைச்சரே ஒரு பக்கத்தின் தலைவர். அவருக்கு ஆபீஸ் இருக்கிறது. ஜீப் இருக்கிறது. டெலிபோன் இருக்கிறது. அவர் சொன்னால் செய்ய அதிகாரிகள் இருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்துக்கு இவை எதுவும் இல்லை. போதாததற்கு, போர்த்துக்கீசியர் போன பிறகு நிர்வாகம் நடத்த வெளியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். "இவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்?" என்ற சந்தேகம் மறுபக்கத்தாருக்கு இருந்தது.

ஜீப்பையும் மேடையையும் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்றும் இருக்கிறது. அதுதான் தகவல்.

அமைச்சரின் மேசைக்கு என்னவெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தாலுகாவில் மக்கள் எதற்குக் கோபமாக இருக்கிறார்கள் என்று போலீஸ் எழுதிய குறிப்பு வரும். எந்த ஊரில் சாலை வேண்டும், எந்த ஊரில் கிணறு வேண்டும் என்ற மனுக்கள் வரும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, டில்லி கொடுக்கும் பணம் எவ்வளவு என்ற கணக்கு வரும். "இதைச் செய்தால் இந்த லாபம், இந்த நஷ்டம்" என்று அதிகாரிகள் எழுதிய யோசனை வரும். எல்லாம் ஃபைலாக வரும். ஆட்சி நடத்த இது தேவை. ஆனால் அதே ஃபைலை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனால்? இந்த ஊரில் கிணற்றைச் சொல், அந்த ஊரில் சாலையைச் சொல் என்று சீட்டாட்டத்தில் எதிராளியின் கையைப் பார்த்துவிட்டு ஆடுவது போல ஆகிவிடும்.

அரசியல் சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அமைச்சராகப் பதவி ஏற்கும்போது டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் இரண்டு உறுதிமொழி எடுப்பார்கள். ஒன்று, பயமோ பட்சமோ இல்லாமல் எல்லோருக்கும் நியாயமாக நடப்பேன் என்பது. இன்னொன்று ரகசியம் பற்றியது. அமைச்சர் என்ற முறையில் தனக்குத் தெரியவரும் விஷயங்களை, தன் கடமைக்குத் தேவைப்பட்டால் அல்லாமல், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்பது. மாலை போடும் சந்தடியில் இந்த இரண்டாவது உறுதிமொழியை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் சாதாரண மனிதருக்கு ஃபைலைப் பார்க்க எந்த வழியும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டில்தான் வந்தது. இப்போது பத்து ரூபாய் கட்டி, எழுதிக் கேட்டால், 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு மனு எந்த மேசையில் கிடக்கிறது என்றும் கேட்கலாம். ஆனால் இன்றும்கூட, அமைச்சரவை ஒரு முடிவு எடுக்கும் முன் அதன் ஃபைல்களை வெளியார் பார்க்க முடியாது. அமைச்சர் பார்க்கலாம். அதனால் அவர் கையில் தகவல் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஆக, செக்வேராவின் கட்சி ஒரு கோரிக்கை வைத்தது. வாக்கெடுப்பு நியாயமாக நடக்க வேண்டுமானால் இந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும். ஆட்சியில் இருந்துகொண்டே ஓட்டுக் கேட்டால் அரசு இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நாற்காலியை விட்டு இறங்கிய முதலமைச்சர்

டில்லி இந்தக் கோரிக்கையை ஏற்றது. 1966 டிசம்பர் 3ஆம் தேதி பந்தோட்கரின் அமைச்சரவை விலகியது. சட்டமன்றம் கலைந்தது. கோவாவில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆபீஸ்களும் ஜீப்புகளும் ஃபைல்களும் அமைச்சர்கள் கையிலிருந்து அதிகாரிகள் கைக்குப் போயின.

இது சரியா என்று இன்றும் வாதம் செய்யலாம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு அது. அதன்மேல் ஊழல் தீர்ப்பு ஏதும் இல்லை. சட்டமன்றத்தில் தோற்கவும் இல்லை. ஒரு கேள்வியில் ஒரு பக்கம் நிற்கிறார்கள் என்பதற்காக வீட்டுக்குப் போகச் சொல்வது நியாயமா? பந்தோட்கரை நம்பி ஓட்டுப் போட்ட ஏழை விவசாயிக்கு மனது வருந்தியிருக்காதா? வருந்தியிருக்கும். நடுநிலைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அன்று கொடுத்தது ஆளுங்கட்சி.

இன்னொரு உறுத்தலும் உண்டு. அமைச்சரவை போனால் அதிகாரம் டில்லிக்குப் போகும். டில்லியில் அப்போது உள்துறை அமைச்சர் யார்? ஒய்.பி. சவான். அவர் மகாராஷ்டிரத்தின் முதலமைச்சராக இருந்தவர்! பூனைக்குப் பயந்து புலியிடம் போனோமா என்று சேரக்கூடாது என்றவர்களில் சிலருக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஓட்டு நடத்தும் வேலை உள்துறையிடம் இல்லை. தேர்தல் ஆணையத்திடம் இருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் கே.வி.கே. சுந்தரம். அரசியல் சட்டம் தேர்தல் ஆணையத்தை எந்த அமைச்சருக்கும் கீழே வைக்கவில்லை. இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

நாற்காலியை விட்டு இறங்கலாம். தலைக்குள் இருப்பதை இறக்கி வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். மூன்று வருடம் பார்த்த ஃபைல் பந்தோட்கருக்கு மறந்தா போயிருக்கும்? ஆனால் புதிதாக ஃபைல் வராது. போலீஸ் குறிப்பு தினமும் காலையில் மேசைக்கு வராது. அதிகாரியைக் கூப்பிட்டு "எனக்கு ஒரு மேடைப் பேச்சு எழுதிக் கொடு" என்று சொல்ல முடியாது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே தரையில் நின்றார்கள்.

பூவும் இலையும்

வாக்கெடுப்புக்கு இரண்டு சின்னங்கள் கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டும் என்பவர்களுக்குப் பூ. தனியாக யூனியன் பிரதேசமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இலை. (தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கட்சி 1972இல்தான் பிறந்தது.) எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பதிலைத் தானே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் படம்.

ஊரெங்கும் பாட்டு. ஊரெங்கும் கூட்டம். கொங்கணிப் பாடகர் உல்லாஸ் புயாவ் பாடிப் பாடியே இரண்டு இலைக்கு ஆதரவு திரட்டினார். பத்திரிகைகளும் இரண்டாகப் பிரிந்தன. மராத்தியிலேயே வந்த 'ராஷ்டிரமத்' என்ற நாளிதழ், மகாராஷ்டிரத்தோடு சேரக்கூடாது என்று எழுதியது. மராத்தி படிப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று யாரும் நினைக்க முடியவில்லை. பக்கத்து மைசூர் மாநிலமும் கவனித்துக்கொண்டிருந்தது. பெல்காம் யாருக்கு என்று மைசூருக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஏற்கெனவே தகராறு. அதை விசாரிக்க மகாஜன் கமிஷன் 1966 அக்டோபரில்தான் அமைந்திருந்தது. கோவாவும் மகாராஷ்டிரத்தோடு சேர்ந்துவிடுவதை மைசூர் தலைவர்கள் விரும்பவில்லை.

இத்தனை சத்தத்துக்கு நடுவில் சத்தம் போடக்கூடாத ஒரு கூட்டம் இருந்தது. தாசில்தார், குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், தபால்காரர். அவர்களுக்கும் கருத்து இருக்கும். அவர்களும் அதே ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் அண்ணன் பூ என்பார், மைத்துனர் இலை என்பார். அரசு ஊழியருக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு. அதை யாரும் பறிக்கவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளின்படி, தேர்தலில் அவர் ஓட்டுப் போடலாம். ஆனால் யாருக்குப் போடப் போகிறார், யாருக்குப் போட்டார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சட்டையிலோ, வண்டியிலோ, வீட்டுச் சுவரிலோ சின்னத்தை வைக்கவும் கூடாது.

இது கொஞ்சம் கடுமையான விதிதான். சின்னம் பூவாக இருக்கும்போது, ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு போகலாமா என்றுகூடச் சந்தேகம் வரும்! சிரிப்பாக இருந்தாலும் அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாவுக்கு அந்தச் சின்னம் ஒரு கேள்வியாகத் தெரியும். "நீ எந்தப் பக்கம்?" என்று வாய் திறந்து கேட்காமலே கேட்டது போல.

1967 ஜனவரி 16ஆம் தேதி ஓட்டுப்பதிவு. அப்போது 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் ஓட்டு. 18 வயது என்று மாறியது 1989இல். ஓட்டுரிமை உள்ளவர்கள் சுமார் 3 லட்சத்து 88 ஆயிரம் பேர். ஓட்டுப் போட்டவர்கள் 3,17,633 பேர். பத்துப் பேரில் எட்டுப் பேர் வந்து போட்டிருக்கிறார்கள். ஊரை விட்டு வெளியே போய்ப் பிழைத்த கோவாக்காரர்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அது கிடைக்கவில்லை. திருப்பத்தூரிலும் வேலூரிலும் சொந்த ஊர் வைத்துக்கொண்டு ஜீவனஹள்ளியில் வாழ்பவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

ஓட்டுகளை எண்ணினார்கள். பூவுக்கு 1,38,170 ஓட்டு. இரண்டு இலைக்கு 1,72,191 ஓட்டு. வித்தியாசம் 34,021. கோவா மகாராஷ்டிரத்தோடு சேரவில்லை.

பூ தோற்றது. ஆனால் 1,38,170 என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. அவ்வளவு பேரும் "ஆபீஸ்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று நம்பியிருந்தால் கோவா பற்றி எரிந்திருக்கும். முடிவை ஏற்றுக்கொண்டார்கள். தோற்றவரும் ஏற்றுக்கொள்ளும்படி எண்ணுவதுதான் எண்ணுகிறவரின் வேலை.

அதிகாரிகள் நடுநிலையாக இருக்க வேறு வழிகளையும் உலகம் பார்த்திருக்கிறது. 1947 ஜூலையில், பிரிவினை நேரத்தில், வடமேற்கு எல்லை மாகாணத்தில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவா, பாகிஸ்தானா என்பது கேள்வி. அங்கே காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. ஆளுநர் ஓலஃப் கேரோ ஒரு பக்கம் சாய்கிறார் என்று காங்கிரஸ் குற்றம் சொன்னது. அமைச்சரவை விலகவில்லை. ஆளுநர்தான் விலகிப் போக நேர்ந்தது. வாக்கெடுப்பை நடத்த ராணுவ அதிகாரிகளை வைத்தார்கள். ஆனாலும் காங்கிரஸ் அந்த வாக்கெடுப்பைப் புறக்கணித்தது.

ஃபைலை மூடிய கதை

இனி கடல் தாண்டி ஒரு கதை. பிரிட்டன் நாட்டில் 2016ஆம் ஆண்டு ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் பிரிட்டன் தொடர்ந்து இருப்பதா, வெளியேறுவதா என்பது கேள்வி.

அங்கே சிக்கல் வேறு மாதிரி. கோவாவில் ஆளுங்கட்சி முழுவதும் ஒரே பக்கம். பிரிட்டனில் அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு பக்கம். பிரதமர் டேவிட் கேமரூன் "இருப்போம்" என்றார். அரசின் முடிவும் அதுதான். ஆனால் மைக்கேல் கோவ், இயன் டங்கன் ஸ்மித், பிரீத்தி படேல் போன்ற சில அமைச்சர்கள் "வெளியேறுவோம்" என்றார்கள். அமைச்சராக இருந்துகொண்டே எதிர்த்துப் பேசப் பிரதமர் அனுமதித்தார். 1975இல் இதே போன்ற வாக்கெடுப்பு வந்தபோதும் அங்கே இப்படி அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் அதிகாரிகள் யாருக்கு வேலை செய்வது? எதிர்த்துப் பேசும் அமைச்சர், தன் இலாகா அதிகாரியைக் கூப்பிட்டு, "இந்த ஃபைலைக் கொண்டு வா" என்றால் கொடுப்பதா, மறுப்பதா?

அந்த நாட்டின் அரசு ஊழியர்களுக்குத் தலைவர் ஜெரமி ஹேவுட். 2016 பிப்ரவரி 23ஆம் தேதி அவர் எல்லா இலாகாக்களுக்கும் கடிதம் எழுதினார். வாக்கெடுப்பு பற்றித் தயாராகும் ஃபைல்களை எதிர்ப் பக்கம் போன அமைச்சருக்குக் காட்ட வேண்டாம். அவருக்கு அது பற்றிப் பேச்சு எழுதித் தர வேண்டாம். மற்ற வேலைகள் வழக்கம்போல நடக்கட்டும். இதுதான் கடிதத்தின் சாரம்.

பெரிய சண்டை வந்தது. "இலாகாவுக்குப் பொறுப்பு அமைச்சர். நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவரிடமே ஃபைலை மறைத்தால் அவர் எப்படிப் பதில் சொல்வார்?" என்று கேட்டார்கள். நாடாளுமன்றக் குழு ஹேவுட்டைக் கூப்பிட்டு விசாரித்தது. உண்மைத் தகவலும் கணக்கும் எந்த அமைச்சர் கேட்டாலும் கிடைக்கும், எதிர்ப் பிரசாரத்துக்கு உதவி மட்டும் கிடைக்காது என்று அவர் விளக்கினார்.

இந்த விளக்கம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில்? ஒரே கணக்குதான் ஆட்சிக்கும் உதவும், மேடைக்கும் உதவும். அரிசி சமைக்கவும் ஆகும், கோலம் போடவும் ஆகும். எதற்குக் கேட்கிறார் என்று குமாஸ்தா எப்படிக் கண்டுபிடிப்பார்? அத்துடன், "இருப்போம்" என்ற பக்கத்து அமைச்சர்களுக்கு ஃபைல் திறந்தே இருந்தது. அரசுச் செலவில் ஒரு துண்டறிக்கையும் வீடுவீடாகப் போயிற்று. சுமார் 2 கோடியே 70 லட்சம் வீடுகளுக்கு. கோவாவில் இரு பக்கமும் கீழே இறங்கி நின்றார்கள். பிரிட்டனில் ஒரு பக்கம் திண்ணையில் நின்றது, ஒரு பக்கம் தெருவில் நின்றது.

அவர்களிடம் ஒரு நல்ல சட்டமும் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முந்திய 28 நாட்கள், அரசு தன் பணத்தில் அது பற்றி எதையும் அச்சடித்துப் பரப்பக் கூடாது. இந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பர்தா! நம் ஊர்ப் பெண்கள் அணியும் பர்தாதான். இந்தியாவிலிருந்து எடுத்துப் போன சொல். அரசு முகத்தை மூடிக்கொள்ள வேண்டிய காலம் என்று அர்த்தம். அந்தத் துண்டறிக்கை ஏப்ரலில், பர்தா காலத்துக்கு முன்பே, போய்விட்டது.

2016 ஜூன் 23ஆம் தேதி ஓட்டுப்பதிவு. "வெளியேறுவோம்" என்றவர்கள் 100க்கு 52 பேர். "இருப்போம்" என்றவர்கள் 48 பேர். அடுத்த நாளே பதவி விலகப் போவதாகக் கேமரூன் அறிவித்தார். வெளியேறுவது என்று முடிவு வந்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. போட வேண்டாம் என்று அரசு சொல்லியிருந்தது. மழை வராது என்று சொல்லிக் குடையை விற்றுவிட்டு நின்றார்கள். இரு முடிவுக்கும் தயாராக இருப்பதும் நடுநிலையில் ஒரு பகுதிதான். அதை அவர்கள் தவறவிட்டார்கள்.

ஒரு மேடை, ஒரு ஒலிபெருக்கி

"இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். ஒரு அதிகாரி கொஞ்சம் உதவினால் என்ன குடி முழுகிப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

1971 நாடாளுமன்றத் தேர்தலில் ரே பரேலி தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி வென்றார். தோற்ற ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். 1975 ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. யஷ்பால் கபூர் என்ற அதிகாரி, அரசு வேலையிலிருந்து முறையாக விலகும் முன்பே தேர்தல் வேலை செய்தார். பிரசாரக் கூட்டத்துக்கு மேடை போடவும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுக்கவும் மாநில அரசின் அதிகாரிகளைப் பயன்படுத்தினார்கள். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பிரதமர் பதவியா என்று அப்போது பலர் கேட்டார்கள். 1975 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதற்குள் சட்டத்தையே திருத்தியிருந்தார்கள். ஆனாலும் அந்த மேடையையும் ஒலிபெருக்கியையும் நாடு மறக்கவில்லை.

இன்று தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிடும். அமைச்சர் அரசு வேலையாகப் போகும் பயணத்தையும் ஓட்டுக் கேட்கும் பயணத்தையும் கலக்கக் கூடாது. அரசு வண்டியில் பிரசாரத்துக்குப் போகக் கூடாது. தேர்தல் வேலை பார்க்கும் அதிகாரிகள் அந்த நாட்களில் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பார்கள். ஜீவனஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் விரலில் மை வைக்கும் டீச்சரும் அன்று ஆணையத்தின் ஆள்தான். "நீங்க எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டால் புகார் கொடுக்கலாம். ரேஷன் ஆபீஸில் கேட்டாலும் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். தேதி, நேரம், மேசை, கேட்ட வார்த்தை, இவ்வளவும் எழுதினால் போதும். இப்போது எழுதத் தெரியுமே!

கோவா கதையில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

1967 மார்ச்சில் கோவாவில் மறுபடியும் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பூவைத் தோற்கடித்த அதே மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பந்தோட்கரின் கட்சியைத்தான்! சேருவது வேண்டாம், ஆனால் ஆள்வது நீயே இரு என்று சொல்லிவிட்டார்கள். ஆளும் கேள்வியும் வேறு வேறு என்று செக்வேரா வாதாடினாரே, அதை அவருக்கு எதிராகவே மக்கள் நிரூபித்தார்கள்.

ஏப்ரலில் பந்தோட்கர் மீண்டும் முதலமைச்சர் ஆனார். பூவின் தோல்வியைக் காட்டிய கணக்கும் அவர் பார்க்க வேண்டிய ஃபைல்களோடு ஃபைலாக இருந்தது. 1973 ஆகஸ்டில் இறக்கும்வரை அவரே முதலமைச்சர். கோவா 1987 மே 30ஆம் தேதி தனி மாநிலம் ஆயிற்று. 1992இல் அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலில் கொங்கணி சேர்ந்தது.